பத்து மணித் திரை

காலை பத்து மணி ஆனால் டெல்பர்ட்டின் கேரவனில் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். உள்ளே என் மனைவி ஆர்டிஸ் இருப்பாள். அரை மணி, சில நாள் முக்கால் மணி கழித்துத் திரைகள் திறக்கும், அவள் படியிறங்கி வருவாள். முகத்தில் ஒரு பொலிவு இருக்கும். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அந்தப் பொலிவை நான் பார்த்த நாட்களை எண்ண ஒரு கையே அதிகம்.

எனக்கு அறுபத்தாறு வயது. இந்த வயதில் பொறாமையா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பல்லும் தலைமுடியும் போன மாதிரி அது தானாகப் போகாது. முழங்கால் வலியைப் போல வருஷா வருஷம் கூடத்தான் செய்யும்.

மினசோட்டாவில் முப்பது வருஷம் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் நான். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டை விற்றேன். பெரிய கேரவன் ஒன்றை வாங்கினேன். இனிமேல் பனியை டி.வி.யில்தான் பார்ப்பேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆர்டிஸ் "சரி" என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்பாள், அது அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோடையில் எங்கெங்கோ சுற்றுவோம். நவம்பர் பிறந்தால் அரிசோனாவில் குவார்ட்ஸைட் பாலைவனத்துக்கு வந்து மார்ச் வரை நிற்போம். எங்கள் வட்டத்தில் இருபது வண்டிகள். எல்லாம் வடக்கத்திக் கிழடுகள், எல்லாரும் பனிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள்.

அந்த வட்டத்தில் நான் ஒரு ஆளாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் கதை புரியாது. என்னிடம் ஹாம் ரேடியோ இருந்தது, ஆளுக்கு ஆள் நேராகப் பேசிக்கொள்கிற ரேடியோ. வண்டிக் கூரையில் முப்பதடிக் கம்பம் நட்டு, வயர் கட்டி, தினமும் காலையில் உட்கார்ந்துவிடுவேன். பாலைவனத்தில் போன் லைன் கிடையாது, ஊருக்குச் சேதி அனுப்ப வேண்டியவர்கள் வண்டிக்கு முன்னால் நான் போட்டிருந்த பந்தலுக்குத்தான் வர வேண்டும். நான் கொலராடோவில் ஒருவனிடம் படிப்பேன், அவன் அயோவாவில் ஒருவனிடம் படிப்பான், அயோவாக்காரன் அந்தந்த ஊர்க்காரனிடம் சொல்ல, அவன் வீட்டுக்குப் போன் போட்டுப் படித்துக்காட்டுவான். ஒரு சேதிக்கு இருபத்தைந்து சொல். அதற்கு மேல் அனுப்புவது மரியாதை இல்லை. அடிக்கடி வரும் வாக்கியங்களுக்கு எண்களே உண்டு. 'எண் ஒன்று' என்றால் 'இங்கே எல்லோரும் நலம், கவலை வேண்டாம்.' முழுசாகப் படிக்க வேண்டியதே இல்லை, எண்ணைச் சொன்னால் போதும். மினசோட்டாவிலேயே டுலூத்தில் இருக்கும் எங்கள் மகள் மார்கிட்டுக்கு ஆர்டிஸ் எழுதித் தருவது எப்போதும் இரண்டு பக்கம் வரும். நான் அதை அழகாகச் சுருக்கிவிடுவேன். அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

போன ஜனவரியில் டெல்பர்ட் வந்து சேர்ந்தான். ஆரிகன்காரன், மனைவி இறந்துபோனவன், டெலிபோன் கம்பெனியில் கம்பம் ஏறி வேலை பார்த்தவன். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். பாலைவனத்தில் இஸ்திரி போட்ட சட்டை! அப்போதே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

வந்த அன்றைக்குச் சாயங்காலமே, சூரியன் இறங்கின பிறகு, தன் வண்டிப் பந்தலில் மேஜை போட்டு ஒரு மடிக்கணினியை வைத்தான். பக்கத்தில் சோப்புக் கட்டி அளவில் ஒரு செல்போன், அப்போது எங்களில் யாரிடமும் இல்லாத சாமான். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, வயர் கிடையாது. "போன் வழியா இன்டர்நெட்டுக்குப் போகலாம், யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். இருபது வண்டிக்காரர்களும் ஈ மொய்ப்பது போல மொய்த்துவிட்டார்கள்.

பெர்னீஸ்தான் முதலில் உட்கார்ந்தாள். பக்கத்து வண்டிக்காரி, வாய்க்குப் பூட்டே கிடையாது. அவள் பேத்தியின் படம் திரையில் மேலிருந்து கீழே, கோடு கோடாக இறங்கியது. நெற்றி வர ஒரு நிமிஷம், மூக்கு வர ஒரு நிமிஷம். மூக்கு வந்ததும் பெர்னீஸ் அழுதாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்டிஸும் தட்டினாள்.

"ஓரின், இதைப் பாரேன்!" என்று யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். "ஒயரும் இல்ல, கம்பமும் இல்ல!"

"என் சேதி நாலு மாநிலம் தாண்டிப் போகுது. அதுக்கு எந்தக் கம்பெனி கோபுரமும் வேணாம்" என்றேன்.

"போகுது, போகுது. போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தைக்குக் கல்யாணமே ஆயிடுது" என்றாள் பெர்னீஸ், மூக்கைச் சிந்திக்கொண்டே.

சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்து என் வண்டிக்கு வந்துவிட்டேன். டெல்பர்ட் அதற்கப்புறம் வெகு நேரம் ஏதேதோ விளக்கிக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது, நான் கேட்கவில்லை. அவன் பாடம் எடுத்து நான் கேட்பதா? அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தால் மூன்று வார வேதனை மிச்சமாகியிருக்கும்.

மறுநாளிலிருந்து காலைக் காப்பிக் கூட்டம் என் பந்தலை விட்டு அவன் பந்தலுக்கு மாறிவிட்டது. என் ரேடியோவுக்கு முன்னால் காலி நாற்காலிகள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் வாரத்துக்கு ஒரு முறை போனார்கள். ஆர்டிஸ் தினமும் போனாள்.

"தினமும் என்ன இருக்கு அங்கே?" என்று கேட்டேன்.

"மார்கிட்டுக்கு எழுதுறேன்."

"தினமுமா? என்கிட்ட குடுத்தா நான் அனுப்ப மாட்டேனா?"

"நீ பாவம், ஓரின். உனக்கு எதுக்குச் சிரமம்?" என்று சொல்லிவிட்டு உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டாள். கடிதம் எழுதப் போகிறவளுக்கு உதட்டுச் சாயம் எதற்கு? மகள் அதைப் பார்க்கப் போகிறாளா?

சரியாகப் பத்து மணிக்குத் திரைகள் மூடின. வடக்குப் பக்கம், மேற்குப் பக்கம், கடைசியில் ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள சின்னத் திறப்புக்குக்கூட ஒரு போர்வை. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜனவரி வெயில். ஊசி விழுந்தாலும் தெரிகிற வெளிச்சம். இந்த வெளிச்சத்துக்காகத்தானே இரண்டாயிரம் மைல் ஓட்டிக்கொண்டு வந்தோம்? அதை மூடிக்கொண்டு உள்ளே என்ன எழுத்து?

பெர்னீஸ் காப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"உன் வீட்டுக்காரி எங்கே, ராசா?"

"லெட்டர் எழுதுறா."

"அப்படியா? இருட்டுலயா?"

"உனக்கும் மூடினானா?" என்று கேட்டேன். கேட்டது தப்பு என்று கேட்கும்போதே தெரிந்தது.

"மூடாமயா? எல்லாருக்கும்தான் மூடுறான். ஆனா எனக்குப் பத்தே நிமிஷம். உன் ஆளுக்குத்தான் முக்கால் மணி நேரம்" என்று சொல்லி, காப்பி சிந்துகிற அளவுக்குச் சிரித்தாள். எழுபது வயதுக் கிழவி. எனக்கு எதுவும் விளங்கவில்லை. எல்லாருக்கும் மூடுகிறானா? அப்படியென்றால் அவன் எப்படிப்பட்ட ஆள்?

பத்து மணிக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நான் ரேடியோவைப் போட ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் முழு சக்தியையும் வைத்து, "யாராவது இருக்கிறீர்களா? கேட்கிறவர் யாராவது பதில் சொல்லுங்கள்" என்று கூவினேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. திரை மூடியிருக்கும் வரை கூவுவேன், திறந்ததும் நிறுத்திவிடுவேன். மூன்று வாரம் இப்படி.

இந்த மூன்று வாரத்தில் அவளிடம் மாற்றங்கள். சமைக்கும்போது முணுமுணுவென்று பாட்டு. சாப்பிடும்போது எங்கோ பார்வை. ஒரு நாள், "நமக்கு ஏப்ரல்ல எங்க போறதா திட்டம்?" என்று கேட்டாள். "யூட்டா" என்றேன். "ம்" என்றாள். சரி என்று சொல்லவில்லை. அந்த 'ம்' எனக்குள் போய் முள் மாதிரி தைத்துக்கொண்டது.

பிப்ரவரி பத்தாம் தேதி முடிவெடுத்தேன். "ஊருக்குள்ள போய்த் தண்ணி பிடிச்சிட்டு வர்றேன், பன்னிரண்டு ஆகும்" என்று சொல்லிவிட்டு, நாலு கேன்களை, கேரவனுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேட்டுக்குப் பின்னால் காரை நிறுத்தினேன். கள்ளிகளுக்கு நடுவே நடந்தே திரும்பி வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையனைப் போலப் பதுங்கிப் பதுங்கி. வெட்கமாக இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்ததால் நடக்க முடிந்தது.

எங்கள் வட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் யார் கதவையும் தட்ட மாட்டோம். பத்தடி தள்ளி நின்று "உள்ளே யாரு?" என்று குரல் கொடுத்துவிட்டு, அவர்கள் வரும் வரை நிற்போம். மெல்லிய சுவர்களுக்குள் வாழ்கிறவர்களுக்கு இதுதான் மானம். நான் குரல் கொடுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கதவைத் திறந்தேன்.

இருட்டு. மேஜைக்கு மேல் இரண்டு தலைகள், இடித்துக்கொள்கிற அளவுக்குக் கிட்டக் கிட்ட. என் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் அப்படியே உள்ளே பாய்ந்தது. எங்கிருந்தோ 'டுர்ர்' என்று ஒரு சத்தம்.

"கதவை மூடு!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"எதுக்கு மூடணும்?" நானும் கத்தினேன். "என்ன நடக்குது இங்கே? நாற்பத்தொரு வருஷமாச்சு ஆர்டிஸ், நாற்பத்தொரு வருஷம்!"

"போச்சு! இருபது நிமிஷம் போச்சு!" என்று டெல்பர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "யோவ், வெயில் பட்டா லைன் அறுந்துடும்னு உனக்குத் தெரியாதா? அன்னைக்கு எல்லாருக்கும் சொன்னேனே!"

அப்புறம்தான் விவரம் வந்தது. போனுக்கும் கணினிக்கும் ஓரத்தில் ஆளுக்கு ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல். கண்ணுக்குத் தெரியாத ஒளியால் அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. வெயில் விழுந்தால் அந்த ஒளி குழம்பிப்போய்த் தொடர்பு அறுந்துவிடும். சாயங்காலம் செய்யலாம், ஆனால் அப்போது ஊரே போனில் இருப்பதால் பெரும்பாலும் லைன் கிடைக்காது. பகலில் பந்தலில் வெயில், வண்டிக்குள் போனால் ஜன்னலோரத்தில் மட்டும்தான் சிக்னல். ஜன்னலோரம் என்றால் வெயில். வெயில் என்றால் திரை. அவ்வளவுதான். முழு வட்டத்துக்கும் தெரிந்த விஷயம். கோபித்துக்கொண்டு எழுந்து போன ஒருத்தனுக்கு மட்டும் தெரியாது. பெர்னீஸுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, கிழவிக்கு!

"அப்புறம் இன்னொண்ணு" என்றான் டெல்பர்ட். "தினம் பத்து மணிக்கு அந்த ரேடியோவுல கத்துறியே, அது என் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல வருது. வாத்து கத்துற மாதிரி. நாங்க ரெண்டு பேரும் என்னடா இதுன்னு முழிச்சோம். ஆர்டிஸ்தான் கண்டுபிடிச்சா. 'என் வீட்டுக்காரன்தான்'னு."

எனக்கு முகம் எரிந்தது. கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் கணினித் திரையைப் பார்த்தேன். அறுந்துபோன இடத்தில் ஒரு படம் பாதியில் நின்றது. ஒரு வீட்டின் மேல் பாதி. புகைபோக்கி, மாடி ஜன்னல் இரண்டு, கூரையில் ஒரு சாண் பனி. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

ஆர்டிஸ் கணினியின் மூடியைச் சாத்தப் பார்த்தாள். நான் கையை வைத்துத் தடுத்தேன்.

"யார் வீடு இது?"

டெல்பர்ட் எழுந்தான். "ஜெனரேட்டருக்கு எண்ணெய் பாக்கணும்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு வெளியே போனான். கதவை ஒரு விரல்கூட அதிகம் திறக்காமல், வெயில் உள்ளே வராதபடி நழுவிப் போனான். அந்த மரியாதைகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

"டுலூத்ல" என்றாள் ஆர்டிஸ். "மார்கிட் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. வாடகைக்கு வருது, ஏப்ரல்லேருந்து. மாடியிலேருந்து ஏரி தெரியுமாம்."

"நமக்கு எதுக்கு வீடு? வீடுதான் சக்கரத்து மேல இருக்கே!"

"அதான் ஆறு வருஷமா பாக்குறேனே."

"பிடிக்கலேன்னா சொல்லியிருக்கலாமில்ல? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொன்னேன். போன நவம்பர்ல மார்கிட்டுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன், ஞாபகம் இருக்கா? 'எனக்கு வீட்டுக்கு வரணும்போல இருக்கு, இந்தத் தடவை அப்பாகிட்ட நீயாவது பேசு'ன்னு எழுதியிருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து மைக்கைப் பிடிச்சே. என்ன அனுப்புனே?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அன்றைக்கு வரிசையில் ஆறு சேதிகள் காத்திருந்தன. அவள் எழுதியதை முதல் நாலு வரிதான் படித்தேன். வானிலை, காய்ச்சல், ஏதோ கேக். மீதி அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எண் ஒன்று" என்றேன்.

"எல்லாரும் நலம், கவலை வேண்டாம்" என்று அவள் சொன்னாள். "மூணு நாள் கழிச்சு மார்கிட்கிட்டேருந்து பதில் வந்துச்சு. 'சந்தோஷம்மா'ன்னு. அதையும் நீதான் படிச்சுக் காட்டினே. நான் என் பொண்ணுகிட்ட பேசினது எல்லாம் உன் வாய் வழியாத்தான் போச்சு, ஓரின். இங்கேதான் முதல் தடவையா நானா எழுதினேன்."

வெட்கப்படுகிற நேரத்திலும் அந்தப் பாழாய்ப்போன பொறாமை சும்மா இருக்கவில்லை. இந்த வீடு அவனுக்குத் தெரியும். நான் பாதியைத்தான் பார்த்தேன், அவன் முழுசாகப் பார்த்திருப்பான். ஏரி தெரிவதும் அவனுக்குத் தெரியும், எத்தனை படி என்பதும் தெரியும். மூன்று வாரமாக என் மனைவியின் மனசு என்ன என்று இஸ்திரிச் சட்டைக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவன் அவளைத் தொட்டிருந்தால் அடித்திருப்பேன். இதற்கு எங்கே அடிப்பது?

"அவன்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லல. அவன் யாரு உனக்கு?"

"யாருமில்ல. அவன் கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"முதல் நாள் இந்த மெஷின் முன்னாடி உக்கார வெச்சு, 'உனக்கு என்ன தேடணும், ஆர்டிஸ்?'னு கேட்டான். எல்லார்கிட்டயும் அப்படித்தான் கேக்குறான், அது அவனுக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். அப்புறம் வீடுன்னு சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது."

வெளியே ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அவன் எண்ணெய் பார்க்கப் போகவில்லை, எங்கள் பேச்சு தன் காதில் விழாமல் இருக்கத்தான் அதை ஓட விட்டான் என்று தெரிந்தது.

அவள் போனை எடுத்து, ஓரத்தைத் துடைத்து, கணினிக்கு நேராக வைத்தாள். கை பழகியிருந்தது. எண்களைத் தட்டினாள். போன் மறுபடி கூவி, கரகரத்து, அப்புறம் அமைதியானது. வீடு கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மாடி ஜன்னலுக்குக் கீழே ஒரு வராந்தா. வராந்தாவுக்குக் கீழே நாலு படி. படியிலும் பனி. முப்பது வருஷம் நான் சண்டை போட்ட அதே பனி. அவள் அதைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். என்னை அப்படி அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

"எத்தனை ரூம்?" என்று கேட்டேன்.

"படுக்கை ரூம் ஒண்ணு."

"நமக்குப் போதும்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்களுக்கு நேத்து எழுதினேன். எத்தனை பேருன்னு கேட்டிருந்தாங்க. ஒருத்தர்னு எழுதியிருக்கேன்."

டெல்பர்ட்டின் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்போ மறுபடி எழுது" என்றேன். "ரெண்டு பேருன்னு எழுது. வண்டியை வித்துடலாம். பனியாவது மண்ணாவது, நான் பாத்துக்கறேன். இப்பவே எழுது."

"பாத்தியா?" என்றாள். "இப்பவும் நீ சொல்றே. கேக்கல."

அது எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் படுக்கையில் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். நாலு மாநிலத்துக்குக் குரல் எறிந்தவன், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் பேச இரண்டு தரம் தொண்டையைச் செரும வேண்டியிருந்தது.

"ஆர்டிஸ், நானும் வரலாமா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். சரி என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.